குடும்பத்தில் வேறு யாருக்காவது?

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

பொடிசு எழுதுவது. நீங்களும் அண்ணியும் வாண்டும் சுகமாக இருப்பீர்கள். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, அதனால் 'இங்கு நான் நலம்' என்ற வரியை எழுதாமல் விடுகிறேன்.

போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பேச்சின் பாதியில் கழிவறைக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. லைன் போய்விட்டது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். போனது லைன் இல்லை, நான்தான். கடிதம் என்றால் எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்தில் தொடரலாம். இதுவரை ஒரு தடவை எழுந்திருக்கிறேன்.

ஒன்றரை வருஷமாக வயிறு என் பேச்சைக் கேட்பதில்லை. சாப்பிட்டால் வீங்குகிறது, வலிக்கிறது, பிறகு அப்படியே போய்விடுகிறது. ஐம்பத்தொரு கிலோ இருந்தவள் நாற்பத்து மூன்று ஆகிவிட்டேன். உங்களுக்கே தெரியும், பஸ் கண்டக்டருக்கு வேறு எந்த வியாதி வந்தாலும் சமாளிக்கலாம், இது வரக்கூடாது. பதினான்காம் நம்பர் பஸ் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஐம்பது நிமிஷம். நடுவில் பெட்ரோல் பங்க் ஒன்று, நூலகம் ஒன்று, ஒரு பல் டாக்டர் வீடு. பல் டாக்டரின் மனைவி இப்போது என்னைப் பார்த்தாலே எதுவும் கேட்காமல் கதவைத் திறந்து விடுகிறார். எங்கள் டிரைவர் காலையில் வண்டியை எடுக்கும்போதே, "இன்னிக்கு எத்தனை ஸ்டாப்பும்மா எக்ஸ்ட்ரா?" என்கிறார். நல்ல மனிதர், இதுவரை மேலதிகாரிகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூன்று டாக்டர் பார்த்தாகிவிட்டது. ஒருவர் வாயு என்றார். ஒருவர் பூச்சி என்றார். மூன்றாமவர் என் வயதைக் கேட்டார், முப்பத்து நாலு என்றேன். "கல்யாணம் ஆகலையா? அதான். மனசுதாம்மா," என்று தூக்க மாத்திரை எழுதினார். மனசு என்ன பெட்ரோல் பங்கைப் பார்த்தால் ஓடுகிறதா?

லீவு நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. டிப்போ மேனேஜர் கூப்பிட்டு, "வயித்து வலின்னு எத்தனை நாள்தான் நானும் எழுதறது? வியாதிக்கு ஒரு பேரு வாங்கிட்டு வாம்மா," என்றார். பேர் இருந்தால் மருத்துவக் குழு லீவை ஏற்றுக்கொள்ளும், எழுந்து போக வசதியாக டிக்கெட் கவுண்டரில் வேலை மாற்றிக்கூடக் கொடுக்கும். பேர் இல்லாவிட்டால் வேலையே கேள்விக்குறிதான்.

எல்லா டாக்டரும் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அவளுக்கும் வயிறு சரியில்லை என்று லேசாக ஞாபகம். ஆறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் அல்சர் என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், அது ஒன்றுதான் நிச்சயமாகத் தெரியும். அதுவும் இந்தக் கேள்வியில் வருமா? கேட்டு எழுதுங்கள்.

அண்ணி அனுப்பிய பிஸ்கட் டின் வந்தது. வாண்டு இப்போது எவ்வளவு உயரம்?

அன்புடன்,
பொடிசு


மார்ச் 29

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே மூவரும் சௌக்கியம். உன் கடிதம் கண்டு மனசு கஷ்டப்பட்டது. பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. தொழிற்சாலையில் புது அடுப்பு வரிசை வந்திருக்கிறது. காலை ஆறு மணிக்குச் சுவைக்கூடத்தில் நுழைந்தால் பதினொரு மணி வரை தட்டுத் தட்டாக வந்துகொண்டே இருக்கும். நான் சரி என்று தலையாட்டினால்தான் அந்த அடுப்புச் சரக்கு பெட்டிக்குள் போகும். இருபது வருஷமாக இந்த ஊர் தின்னும் பிஸ்கட்டெல்லாம் முதலில் என் நாக்கில் பட்டுத்தான் போகிறது. வேடிக்கையான பிழைப்பு.

நம் குடும்பத்தில் அப்படி யாருக்கும் கிடையாது. அம்மாவுக்கு வந்தது வேறு. எனக்கு வந்தது சாதாரண அல்சர், நேரத்துக்குச் சாப்பிடாமல் வந்தது. டாக்டர் கேட்டால் யாருக்கும் இல்லை என்று எழுதிவிடு. இல்லாவிட்டால் அதை வைத்துக்கொண்டு நூறு கேள்வி கேட்பார்கள்.

ஒன்று செய்து பார். ரொட்டி, பிஸ்கட், கோதுமையில் செய்த எதுவானாலும் கொஞ்ச காலம் நிறுத்து. அரிசி, காய், முட்டை இதோடு இரு. எங்கள் ஆபீசில் ஒருவருக்கு இப்படித்தான் இருந்து சரியாயிற்று. பிஸ்கட்காரனே பிஸ்கட் தின்னாதே என்கிறான் பார் என்று சிரிக்காதே. டின்னை அந்தப் பல் டாக்டர் வீட்டுக்குக் கொடுத்துவிடு, அவர்களுக்கும் தொழில் நடக்கட்டும்.

வாண்டு அதே உயரம்தான். பத்து வயசாகியும் ஏழு வயசுச் சட்டை போதும் என்கிறாள் உன் அண்ணி. செலவு மிச்சம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மே 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இந்த வார்த்தையை எழுதி எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். அண்ணிக்கும் வாண்டுக்கும் என் அன்பு.

நீங்கள் சொன்னபடி ரொட்டியை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் முனையிலிருந்து முனைக்குப் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டேன், நடுவில் இறங்கவே இல்லை. டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி ஸ்டாப்பில், "என்னம்மா, பல் டாக்டர் வீட்டோட சண்டையா?" என்றார். இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். விசில் ஊதினால் முன் சீட்டுக்காரர் காதைப் பொத்துகிறார்.

மூன்று டாக்டருக்குத் தெரியாதது உங்கள் ஆபீஸ்காரருக்குத் தெரிந்திருக்கிறது. யார் அவர்? பேரும் விலாசமும் கொடுங்கள், நன்றி சொல்லி ஒரு கடிதம் போட வேண்டும். அவருடைய வியாதிக்கு என்ன பேர் என்றும் கேட்டு எழுதுங்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

ஏனென்றால் மேனேஜர் விடவில்லை. இப்போது குணமாகிவிட்டாலும் ஏற்கெனவே எடுத்த லீவுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். மருத்துவக் குழு என்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் குடல் டாக்டரிடம் அனுப்புகிறது. ஜூலை இருபதாம் தேதிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அதற்குள் எழுதுங்கள், அண்ணா.

பொடிசு


ஜூன் 30

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். நலமறிய அவா.

நீ குணமானதில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. அந்த ஆபீஸ்காரர் மாற்றலாகிப் போய்விட்டார், விலாசம் தெரியவில்லை. பேர் ஒன்றும் பெரிய பேர் இல்லை, ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நன்றாக இருக்கும்போது எதற்குப் பெரிய ஆஸ்பத்திரி? ஊசியும் குழாயுமாகக் குத்திக் குடைவார்கள். சும்மா இருக்கிற வயிற்றைக் கிளறாதே. அந்த நேரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடு. ரொட்டி மட்டும் தொடாதே.

இங்கே வெயில் அதிகம். வாண்டுக்கு அடிக்கடி வயிற்று வலி, பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று நினைக்கிறேன். வேலை தலைக்கு மேல் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

அனைவரும் சுகம்தானே. வாண்டை அதட்டாதீர்கள், வயிற்று வலியை யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், ஆனால் போகாவிட்டால் குழு நான் பயந்து ஒளிந்துகொண்டேன் என்று எழுதிக்கொள்ளும்.

நாலு பக்கத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தில் அதே கேள்வி: குடும்பத்தில் வேறு யாருக்காவது இது போன்ற நோய் உண்டா? நீங்கள் சொன்னபடி 'யாருக்கும் இல்லை' என்று எழுதினேன். பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் படிவத்தைச் சரிபார்த்துக்கொண்டே, "சாப்பாடெல்லாம் வழக்கம்போலத்தானே?" என்று கேட்டாள். வழக்கம்போலத்தான் என்றேன். நாலு மாசமாக அரிசிதானே என் வழக்கம். அவள் டிக் போட்டாள், ரத்தம் எடுத்தார்கள்.

குடல் டாக்டர் ஒரு அம்மா. கண்டிப்பானவர், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசினார். ரிசல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு வியாதி மேல சந்தேகம் இருந்துச்சு. அது இல்லைன்னு ரத்தம் சொல்லுது. குடும்பத்துலயும் யாருக்கும் இல்லை. அப்போ இது சும்மா எரிச்சல் குடல்தான். எதையும் ஒதுக்காதீங்க, எல்லாம் சாப்பிடுங்க, மனசை லேசா வச்சுக்குங்க," என்றார். சுற்றிச் சுற்றி மறுபடியும் மனசுக்கே வந்துவிட்டது.

டாக்டர் சொன்னபடி போன வாரத்திலிருந்து ரொட்டி சாப்பிடுகிறேன். வழியில் அதுதானே கைக்குக் கிடைக்கிறது. நேற்றிலிருந்து வயிறு பொருமுகிறது. அதுவும் மனசுதானோ என்னவோ.

'குறிப்பிட்ட நோய் எதுவும் இல்லை' என்று குழுவுக்குத் தாள் போய்விட்டது. நோய் இல்லாமல் லீவு எடுத்தது ஏன் என்று எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன பதில் எழுதுவது என்றே தெரியவில்லை, அண்ணா.

பொடிசு


செப்டம்பர் 19

அன்புள்ள பொடிசுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலனுக்கு என் விருப்பம்.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. சுவைக்கூடத்துக்கே என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. எலுமிச்சை பிஸ்கட் ஒன்று புதிதாக வருகிறது. பதினேழு தடவை திருப்பி அனுப்பினேன், பதினெட்டாவதுதான் தேறியது. முதலாளியே கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க நாக்கை இன்ஷூர் பண்ணணும்யா," என்றார். உன் அண்ணி புது மேஜை விளக்கு வாங்கியிருக்கிறாள். வீட்டு வாசலில் சாலை போடுகிறார்கள், ஒரே தூசி.

ரொட்டியை நிறுத்து. டாக்டர் சொன்னதை விட்டுவிடு. நிறுத்து.

நோட்டீசுக்கு மரியாதையாகப் பதில் எழுது, மன்னித்துவிடுவார்கள்.

அண்ணன்


அக்டோபர் 8

அண்ணனுக்கு,

நீங்கள் அனைவரும் நலமாக இருங்கள். பதவி உயர்ந்ததில் சந்தோஷம், நிஜமாகவே சந்தோஷம்.

என்னைப் பற்றி எழுதுகிறேன், கடைசிவரை படியுங்கள். செப்டம்பர் இரண்டாம் வாரம் பழையபடியே ஆகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை, வண்டியில் எண்பது பேர். பெட்ரோல் பங்க் வர இன்னும் இரண்டு ஸ்டாப். சிக்னல் விழவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன், உங்களுக்கே புரியும். பின் சீட்டில் ஒரு காலேஜ் பெண் தன் துப்பட்டாவை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டாள். பேர்கூடக் கேட்கவில்லை நான். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்தார். பஸ் பத்து நிமிஷம் லேட் என்று ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார்.

அதோடு முடிந்தது. நேற்று முன்தினம் விசாரணை. நான் எழுதிய பதிலை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அறுபத்து இரண்டு நாள் காரணமில்லாத விடுப்பு, பயணிகளுக்கு இடையூறு, வேலை நீக்கம். மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள். ஜனவரி நான்காம் தேதிக்குள் நோயின் பேரோடு போனால் மறுபடி பார்ப்பார்களாம். பன்னிரண்டு வருஷமாகத் தோளில் மாட்டியிருந்த பையை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். தோள் இன்னும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது.

இப்போது ஒன்று கேட்கிறேன். முதல் கடிதத்தில் ரொட்டியை நிறுத்தச் சொன்னீர்கள், சரியாயிற்று. இரண்டாவதில் சொன்னீர்கள். மூன்றாவதில் எலுமிச்சை பிஸ்கட்டுக்கும் மன்னிப்புக்கும் நடுவில் இரண்டு தடவை சொன்னீர்கள். டாக்டர் அம்மாவுக்கே தெரியாதது உங்களுக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது? ஏதாவது தெரிந்தால் சொல்லிவிடுங்கள், அண்ணா. கோபப்பட மாட்டேன்.

பொடிசு


நவம்பர் 16

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணி ஆசிகளுடன் எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே வாய் கூசுகிறது.

உன் அண்ணன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது உன் அக்டோபர் கடிதம் பையில் இருந்தது. எட்டாக மடித்து வைத்திருந்தார். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்புதான், படித்துவிட்டேன். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ ஏன் அவரிடம் இப்படிக் கேட்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கு இருப்பது உனக்குத் தெரியும்தானே? ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இருந்தது அல்சருக்கு இல்லை. குடலுக்குள் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்து, கோதுமை ஆகாத வியாதி, சீலியாக் என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. தொழிற்சாலையில் மென்று ருசி பார்த்துவிட்டுத் தொட்டியில் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்கிறார். சுவை பார்ப்பவர்கள் எல்லாருமே துப்புவார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்படியும் கொஞ்சம் உள்ளே போய்விடும், வாரத்தில் இரண்டு நாள் சுருண்டு படுத்துக்கொள்வார்.

டாக்டர் கொடுத்த தாளில், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும், அதுவரை சாப்பாட்டை மாற்றக்கூடாது என்று இருந்தது. நானே படித்தேன். "தங்கச்சிக்கு எழுதியாச்சு, அவ பார்த்துக்கிட்டா, அவளுக்கு ஒண்ணுமில்லையாம்," என்றார். வாண்டைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால், "அவ நல்லாத்தான் இருக்கா," என்பார். நான் நம்பினேன். உனக்கு எழுதவே இல்லையா அவர்?

நான் எழுதியது அவருக்குத் தெரியாது. பதில் போடுவதானால் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா விலாசத்துக்குப் போடு, கீழே எழுதியிருக்கிறேன்.

அண்ணி


நவம்பர் 24

அண்ணனுக்கு,

இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. உங்கள் நலம் எனக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது.

யார் சொன்னது என்று வீட்டில் சண்டை போடாதீர்கள். உங்கள் மௌனத்தை வைத்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியும். நானாகக் கண்டுபிடிக்காததுதான் என் முட்டாள்தனம். மாற்றலாகிப் போன அந்த ஆபீஸ்காரருக்கு நன்றிக் கடிதம் போட விலாசம் கேட்டேன் அல்லவா. அதைப் படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

இன்று குடல் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணனுக்கு இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா ரத்தம் என்ன சொன்னாலும் விட்டிருக்க மாட்டேன். உள்ளேயே பார்த்திருப்பேன். நாலு மாசம் கோதுமையை நிறுத்திட்டு வந்தா ரத்தம் பொய்தாம்மா சொல்லும்," என்றார். அந்தச் சின்னப் பெண்ணையும் கூப்பிட்டுத் திட்டினார். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

உங்கள் டாக்டர் தாளில் அது எழுதியிருந்தது. சோதனைக்கு முன் சாப்பாட்டை மாற்றக்கூடாது என்று தெரிந்துகொண்டே நிறுத்தச் சொன்னீர்கள். வலி குறையட்டும், பேர் மட்டும் தெரிய வேண்டாம் என்று பாதி உபகாரம் செய்தீர்கள். நான் வேலைக்கே பேர்தான் வேண்டும் என்று மார்ச்சிலேயே எழுதியிருந்தேன்.

அக்டோபரில் வலி தாங்காமல் நானே மறுபடி ரொட்டியை நிறுத்திவிட்டேன். இப்போது திரும்பவும் எட்டு வாரம் தினமும் கோதுமை தின்ன வேண்டும். அப்போதுதான் சோதனை உண்மை பேசும். எட்டு வாரம் என்றால் ஜனவரி இருபது. எனக்கு அவகாசம் ஜனவரி நான்கு வரைதான்.

ஒரு வழி இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டின் நகல் ஒன்று கிடைத்தால், கூடப்பிறந்த அண்ணனுக்கு இது இருக்கிறது, தங்கைக்குச் சோதனை நடக்கிறது என்று டாக்டர் அம்மா எழுதித் தருவார். அதை ஏற்று மூன்று மாதம் அவகாசம் கொடுக்க விதி இருக்கிறதாம். ஒரே ஒரு தாள். வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

பொடிசு


டிசம்பர் 27

அன்புள்ள பொடிசுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன். நீ நலமாக இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது பொய்யில்லை, நம்பு.

நீ எழுதியதெல்லாம் சரி. ஆறு வருஷத்துக்கு முன் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கோதுமை ஆகாதவனைச் சுவைக்கூடத்தில் எவன் வைத்துக்கொள்வான்? இந்த நாக்கைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. உன்னிடம் சொன்னால் நீ டாக்டரிடம் சொல்வாய், அது எங்கே போய் நிற்கும் என்று பயம். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று ஆறு வருஷம் போய்விட்டது. உனக்கு ஒன்றும் வராது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உன் மார்ச் கடிதம் வந்த அன்று இரண்டு வாய் விழுங்கிவிட்டேன், துப்ப மறந்து.

ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று நான் எழுதத்தானே செய்தேன். நீ கேட்கவில்லை.

நீ கேட்ட நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பேரும் வயதும் விலாசமும் இருக்கும் இடத்தில் மட்டும் மை பூசியிருக்கிறேன். உங்கள் குழுவில் ஒருவர் எங்கள் முதலாளிக்குச் சொந்தமாகக்கூட இருக்கலாம், யார் கண்டது. பேர் இல்லாவிட்டால் என்ன, விஷயம் அதேதானே? படித்தவர்கள், புரிந்துகொள்வார்கள்.

வாண்டு இந்தப் பரீட்சையில் மூன்றாம் ரேங்க்.

மன்னித்துவிடு என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

பொடிசு எழுதுவது. தையல்காரம்மா கையால் இது உங்களுக்குப் பத்திரமாக வந்து சேரும் என்று நம்புகிறேன். வாண்டு எப்படி இருக்கிறாள்? இந்தக் கடிதம் முழுக்க அவளுக்காகத்தான், ஆனால் என் கதையைச் சொல்லாமல் அவள் கதைக்கு வர முடியாது.

அண்ணன் அனுப்பிய தாள் ஜனவரி இரண்டாம் தேதி வந்தது. பேர் இல்லாத தாளை வைத்து எதுவும் எழுதித் தர முடியாது என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார், மறுநாள் அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு குழு முன்னால் போனேன். அங்கே மூன்று பேர். நடுவில் இருந்தவர் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மையை நன்றாக இரண்டு பூச்சுப் பூசியிருந்தார் அண்ணன், வெளிச்சத்தில்கூட ஒரு எழுத்துத் தெரியவில்லை. எந்த வேலையிலும் அவர் சுத்தம்தான்.

"இது யாரோடதும்மா?" என்றார்.

வாய்வரை வந்தது, அண்ணி. பேர், தொழிற்சாலை, சுவைக்கூடம், கண்ணாடிக் கதவு, எல்லாம் வந்தது. சொல்லியிருந்தால் என் பையும் விசிலும் ஒருவேளை திரும்பி வந்திருக்கும். வாண்டு அந்த நாக்கை நம்பித்தான் பள்ளிக்கூடம் போகிறாள் என்று நினைத்தேன். வேறு எந்தப் பெருந்தன்மையும் இல்லை. அவருக்காகச் செய்தேன் என்று அவர் நினைத்துக்கொள்ள வேண்டாம், அதை மட்டும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

"தெரிஞ்சவங்கதான் சார், பேரு சொல்ல மாட்டாங்க," என்றேன்.

"பேரு இல்லாத தாளைக் கொண்டுவந்து தெரிஞ்சவங்கன்னு சொன்னா நாங்க என்னம்மா எழுதறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவகாசம் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே டிரைவர் லீவு போட்டுவிட்டு வந்து நின்றிருந்தார். வீடு வரை கூடவே நடந்து வந்தார்.

வேலை போன பிறகும் சோதனையை விடவில்லை. எனக்காகவாவது பேர் தெரிய வேண்டும் என்று பிடிவாதம். எட்டு வாரம் தின்றேன். ரொட்டி வாங்க வெளியே போகத் தெம்பில்லாத நாட்களில் நீங்கள் அனுப்பிய டின்னைத் திறந்தேன். அண்ணன் பல் டாக்டர் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார், நான் கொடுக்க மறந்து அது அலமாரியிலேயே இருந்தது. எல்லாம் அவர் ருசி பார்த்துத் தேறிய பிஸ்கட். அவர் துப்பியதை நான் விழுங்கினேன். நாற்பத்தொரு கிலோவுக்கு வந்துவிட்டேன். கடைசி வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி ரத்தம் எடுத்தார்கள், பிறகு உள்ளே குழாய் விட்டும் பார்த்தார்கள். சீலியாக்தான். தாளில் என் பேர், வயது, விலாசம் எல்லாம் பளிச்சென்று அடித்திருக்கிறார்கள். டிப்போ மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "பதினேழு நாளைக்கு முன்னாடி வரக்கூடாதாம்மா இது," என்றார். எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது டிரைவரின் மனைவி வைத்திருக்கும் ரெடிமேட் துணிக்கடையில் பட்டன் தைக்கிறேன். உட்கார்ந்த வேலை, கழிவறை பக்கத்திலேயே. ஆனால் இனிமேல் அது தேவைப்படாது. பதினான்காம் நம்பர் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. புது கண்டக்டர் ஒரு பையன், விசில் ஊதவே தெரியவில்லை.

மை பூசிய தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அதை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள், எனக்கு எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அந்தப் படிவத்தை இன்னொரு தடவை எழுதச் சொன்னார் டாக்டர் அம்மா. மூன்றாம் பக்கத்தில் இந்தத் தடவை 'இல்லை' என்று எழுதவில்லை. 'அண்ணன்' என்று எழுதினேன். அது அந்த ஆஸ்பத்திரி அலமாரியை விட்டு வெளியே வராது என்று டாக்டர் அம்மா சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்பே எந்த ஆஸ்பத்திரியும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

இனி வாண்டு. பத்து வயசில் ஏழு வயசுச் சட்டை போதும் என்பது செலவு மிச்சம் இல்லை, அண்ணி. வயிற்று வலி நடிப்பு இல்லை. அவரைக் கேட்காதீர்கள், அனுமதியும் வாங்காதீர்கள், நாளைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். படிவம் கொடுப்பார்கள், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்பார்கள். அப்பா, அத்தை என்று இரண்டு பேரையும் எழுதுங்கள். என் பேரை முழுசாகவே எழுதலாம்.

பயத்தில் இன்றைக்கே அவள் ரொட்டியை நிறுத்திவிடாதீர்கள். சோதனை முடிகிறவரை வழக்கம்போலவே கொடுங்கள்.

அன்புடன்,
பொடிசு